தண்ணீருக்கு மணி உண்டு, கழிப்பறைக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் அரிவாள் செல் ரத்தசோகைக்கான பரிசோதனை முகாம் நடக்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்துடன் செய்தி வருகிறது. ரத்தம் எடுத்து, முடிவைக் குறித்த அட்டை கொடுத்து, முகாம் கலைந்த பிறகு அந்த அட்டைக்குரிய பிள்ளையை நாள்தோறும் பள்ளிக்கு அனுப்பும் வீடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு இந்நோய் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதைச் சிக்கிள் என்றே சொல்வோம். இது இந்த மலைக்குப் புதிதன்று. இந்தியாவில் இந்நோய்க்கான மரபணுக் கூறு முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே, 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடையே செய்த ஆய்வில்தான். மத்திய அரசின் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். தாய், தந்தை இருவரிடமும் இந்த மரபணு இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நானும் என் கணவரும் அப்படிப்பட்டவர்கள் என்பது, குழந்தையின் கைகால்கள் வீங்கியபோது ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டுச் சில நாட்களை வீணாக்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு, இந்நோயில் வளைந்து விறைத்துப்போய் 10 முதல் 20 நாட்களுக்குள் அழிந்துவிடுகிறது. அழிவதற்கு முன் சிறு ரத்தக்குழாய்களை அடைத்துத் தாங்க முடியாத வலியையும் கொடுத்துவிடுகிறது. குளிர், உடலில் நீர் குறைவது, காய்ச்சல், அளவு மீறிய ஓட்டம் ஆகியவை அதைத் தூண்டும். ஆகவே ஃபோலிக் அமில மாத்திரையும் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்தும் போக, எங்கள் வீட்டின் மருத்துவம் பெரும்பாலும் வெந்நீரும் ஸ்வெட்டரும் தண்ணீர் பாட்டிலும்தான். தலைக்குக் குளிப்பது வெயில் ஏறிய பிறகுதான். உடம்பு சுட்டால் விடியட்டும் என்று காத்திருப்பதில்லை. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஒரு செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இப்போது தூங்கும் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடும்போதே என் கை அங்கே போய்விடுகிறது.

இவ்வளவும் எங்கள் கைக்குள் இருப்பவை. பள்ளி அப்படியில்லை. இந்நோய் உள்ளவர்களின் சிறுநீரகத்தால் நீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ள இயலாது. அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கவும் வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் வேண்டும். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் பள்ளிகளுக்கு வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மணி அடித்துக் குடித்த தண்ணீருக்கு அடுத்த இடைவேளை வரை பொறுத்திரு என்றால் என் மகள் என்ன செய்வாள்? இருமுறை அனுமதி கேட்டு, மூன்றாம் முறை வகுப்பே சிரித்த பிறகு, அவள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள்: தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்ததை நான் கவனிக்கத் தவறினேன். மூன்றாம் நாள் இரவு முழங்காலிலும் முதுகிலும் வலி கண்டு, ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தாள்.

பள்ளிக்குத் திரும்பிப் போனபோது, கால் வலி என்று சொல்லிவிட்டு நேற்று ஓடி விளையாடினாளே என்று கேட்டார்கள். வலி வந்து போகும் நோய் இது. வெளியே காயமோ கட்டோ இருக்காது. ஆசிரியர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இருபது குழந்தைகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அவர்கள் பாடு தெரியும். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்பதே குறை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். குளிர் ஆகாத பிள்ளைக்கு வலி முற்றினால், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக 2,240 மீட்டர் உயரத்து உதகைக்குத்தான் ஏற்றி அனுப்புகிறார்கள். டிசம்பரில் அந்த வழியில் ஆம்புலன்ஸில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் அரிவாள் செல் நோயும் ஒன்று. சட்டம் அவ்வளவு தூரம் வந்த பிறகு நான் கேட்பது மிகச் சிறியது. முகாமில் கொடுக்கும் அட்டையின் விவரம், பெற்றோர் சம்மதத்துடன், வகுப்பாசிரியர் வரை போக வேண்டும். இப்பிள்ளைகள் கேளாமலே கழிப்பறைக்குச் சென்றுவர விட வேண்டும். ஜூன், ஜூலை மழையில் நடக்கும் காலை வழிபாட்டின்போது அவர்கள் வகுப்பறைக்குள் இருக்கலாம். சீருடையின் மேல் எந்த நிறத்து ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளலாம். வலிக்கிறது என்று சொன்னால் நம்பி, வீட்டுக்கு உடனே தகவல் தர வேண்டும். இதில் எதற்கும் அரசுக்குச் செலவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இக்கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, தன் வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது என்று மகள் சொன்னாள்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.