உடைஞ்சதோ, முறிஞ்சதோ

கொக்குவில்
நவம்பர்

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் நலமென்று நினைக்கிறேன். ஆடியில் வந்த கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபிக்காதே, காரணம் இருக்கிறது.

அம்மா விழுந்துவிட்டா. கந்தசட்டி ஆறு நாளும் பால், இளநீரோடு இருந்தவ. சூரன்போர் முடிந்த மறுநாள், விரதம் முடிக்கிற பாறணையன்று விடியப்புறம் கிணற்றடிக்குப் போய், பாசியில் சறுக்கி வலது கையை ஊன்றிவிட்டா. மணிக்கட்டு வீங்கி நிற்கிறது, முகமெல்லாம் வியர்வை. அந்த நேரத்திலும் "நான் இன்னும் பாறணை பண்ணேல்லை" என்று ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்க மறுத்துவிட்டா. அயலில் எல்லாரும் முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனேன். பிளாஸ்ரர் போட்டிருக்கிறது, ஆறு கிழமை. இப்போது பயமில்லை.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து தங்கச்சியின் மகள் போன் எடுத்தாள். "அம்மம்மா, கை உடைஞ்சு போச்சோ?" என்று அழுகிறாள். அம்மாவுக்கு அவ்வளவு வலியிலும் பொறுக்கவில்லை. "உடையிறதுக்கு இதென்ன சட்டியோ பிள்ளை? முறிஞ்சது."

நீ சிரிப்பாய். கணக்கு வாத்தியாரின் கதிரை ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அன்றிரவு முழுக்க எனக்கு அதே யோசனைதான். பிள்ளையில் பிழையில்லை. அவள் 'பிறேக்' (break) என்ற ஒரு ஆங்கிலச் சொல்லோடு வளர்ந்தவள். தன் சிநேகிதிகளுக்கு அவள் அனுப்பிய செய்தியைத் தங்கச்சி எனக்கு வாசித்துக் காட்டினாள். பொழுது விடிந்தது, கை முறிந்தது, பாறணை பண்ணவில்லை, இந்த மூன்றுக்கும் ஒரே 'பிறேக்'! ஆங்கிலக்காரனின் காலைச் சாப்பாட்டின் பெயரே விரதம் முடிப்பதுதானே. முப்பது வருசம் ஆங்கிலம் படிப்பித்தும் அந்த மூன்றும் ஒரே வசனத்தில் வந்து நின்றதை நான் முதன்முதல் பார்த்தது அன்றுதான். அழகாய்த்தான் இருந்தது.

அந்தச் சொல் போகாத இடமில்லை. கோப்பை, எலும்பு, நூல், சட்டம், வாக்கு, சாதனை, மனம், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். நாங்கள் அப்படி விடமாட்டோம். சட்டி உடையும், தடி முறியும், கயிறு அறும். சட்டத்தை மீறுவோம், வாக்குத் தவறுவோம், சாதனையை முறியடிப்போம். என்ன நடந்தது என்று சொல்ல முதல், நடந்தது எதற்கு என்று பார்க்கிற பாசை எங்களுடையது. மாலை வகுப்பில் ஒரு பெடியன் 'நாள் உடைந்தது' என்று எழுதித் தந்தான். பிழை போட எனக்கு மனம் வரவில்லை, 'பொழுது விடிந்தது' என்று பக்கத்தில் எழுதிவிட்டேன்.

சங்கீதம் 51 உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் நீதானே வாசிப்பாய். 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் அந்தச் சங்கீதத்தில் வருகிற இருதயத்துக்கும் இதே 'பிறேக்'தான். தமிழில் போட்டவர்கள் 'நொறுங்குண்ட' என்று எழுதினார்கள். உடைந்த துண்டை எண்ணிப் பொறுக்கலாம், நொறுங்கினதைப் பொறுக்க முடியாது. எவ்வளவு யோசித்திருப்பார்கள்!

செய்தி சொல்வதைப் பார். ஆங்கிலக்காரர் துக்கச் செய்தியைப் பக்குவமாய்ச் சொல்வதற்கும் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'போட்டு உடைச்சிட்டான்' என்றால் பக்குவம் எங்கே, பானை விழுந்த சத்தமல்லவா கேட்கும்? அதேபோல 2002இல் கைச்சாத்தான போர்நிறுத்தம் 2008 சனவரியில் முடிந்தபோது சந்தியில் நின்ற ஆட்கள் சொன்னது 'முறிஞ்சுபோச்சு' என்றுதான். உடைந்தது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

சரி, இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்பாய். ஆடிக் கடிதத்தில் உனக்கும் உன் அண்ணாவுக்கும் இடையில் இருப்பதைப் பற்றி நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அதையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். அதிலும் இதே 'பிறேக்'. வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று அன்று பிடிபடவில்லை, இப்போது தெரிகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீ ஒளித்துக்கொண்டாய். தமிழில் எழுதியிருந்தால், முறிந்ததா, அறுந்ததா, உடைந்ததா என்று நீ முடிவெடுத்திருக்க வேண்டும். அறுந்த துலாக்கயிற்றை உன் அப்பு எத்தனை தரம் முடிந்து இறைத்தவர்! அந்தக் காணிக் கதையை நான் இதில் எடுக்கவில்லை. யார் பக்கம் ஞாயம் என்றும் சொல்லமாட்டேன். எந்தச் சொல் என்று மட்டும் கேட்கிறேன்.

போன கிழமை அண்ணா அம்மாவைப் பார்க்க வந்தார். ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழமும் கையுமாய்த் திண்ணையிலேயே நின்றார், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. சரியாய் மெலிந்துவிட்டார். அம்மாவோடு கதைத்துவிட்டு, படலையடிக்குப் போய்ச் சைக்கிளைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "அவன் கடிதம் போடுறவனோ?"

போடுகிறவன் என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய நம்பர் பழையதுதான், மாற்றவில்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பார்.

அம்மா உன்னைக் கேட்டா. இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டா.

அன்புடன்,
உன் மச்சான்