பரீட்சைக்கு வராத கதைகள்: 9, 11ஆம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மா, மகளின் பையிலிருந்த கதைப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்து, "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். அவரிடம் சொன்னதை உங்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நூலகத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். கொடுப்பதெல்லாம் மாயக் கதைகளும் அறிவியல் புனைகதைகளும். அதிலும் சிறுகதைகள் மட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பயனில்லை. பெரிய நாவலைக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். எட்டுப் பக்கக் கதையை, அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பிலேயே முடித்துவிடுகிறார்கள்.

படித்தவர்கள் இப்போது எழுதவும் தொடங்கிவிட்டார்கள். ஒரு மாணவியின் கதை 2090இல் நடக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு இயந்திர இறால் ஊர்ந்து திரிகிறது. தண்ணீரில் எண்ணெய் கலந்தால், கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களின் உள்ளங்கை சிவக்கும். இறால் எப்படி மூச்சுவிடும் என்று கேட்டு அவள் அறிவியல் ஆசிரியரைத் தேடிப்போனாள். செவுளால் என்று தெரிந்ததும், செவுளில் எண்ணெய் படிந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கலந்து வந்த எண்ணெயால் கறுத்துப்போன படகுகளைக் கண்ணால் பார்த்த பிள்ளை அவள். பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை முறை கேட்டும் வராத கேள்வி, கதை எழுதப் போனபோது தானாக வந்தது.

இன்னொரு பையன் ராயபுரம் ஸ்டேஷனை எடுத்துக்கொண்டான். அது 1856இல் திறக்கப்பட்டது என்பதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். நள்ளிரவில் அங்கிருந்து ஒரு நீராவி ரயில் கிளம்புகிறது. டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும். இறந்துபோன தாத்தாவைப் பார்க்கப் புறப்பட்டவன், எந்த ஞாபகத்தைக் கொடுப்பது என்று தெரியாமல் கவுண்ட்டரிலேயே நிற்கிறான். அவன் வாசித்து முடித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. எனக்கும் தொண்டை அடைத்தது.

பேய்க்கதை படித்துவிட்டு ராத்திரி பயப்படுகிறான் என்று சில அப்பாக்கள் சொன்னீர்கள். ஒவ்வொரு கதையையும் ஆசிரியர்கள் படித்த பிறகுதான் கொடுக்கிறோம். வெட்டும் குத்துமாக இருப்பதை ஒதுக்கிவிடுகிறோம். கொஞ்சம் பயம் இருக்கட்டும். நம் வீட்டு ஆயாக்கள் சொன்ன கதைகளில் பேய் இல்லையா?

ராத்திரி அரை மணி நேரம் படிக்க விடுங்கள். புத்தகத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். விசைப்படகில் போகும் அப்பாக்களுக்கு இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில்தான் இருப்பீர்கள். நடுக்கடலில் ராத்திரி நேரத்தில் பார்த்ததையும் கேட்டதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களுக்குக் கதைக்கான பொருள் வேண்டும், அது உங்களிடம் நிறைய இருக்கிறது.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் தங்கள் கதைகளை வாசிக்கிறார்கள். மீன் வியாபாரம் முடித்து வரும் அம்மாக்களுக்காகத்தான் மாலையில் வைத்திருக்கிறோம். அவசியம் வாருங்கள். ஆயாக்களையும் அழைத்து வாருங்கள். முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு.

அன்புடன்,
தலைமையாசிரியர்