மூழ்கியும் கரையாத ரொட்டி

அன்புள்ள முத்து,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் மூன்று பக்கத்துக்கு மருத்துவரைத் திட்டியிருந்தாய். முழங்காலைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னும் தைலத்தைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாயா?

மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. மெக்சிகோ என்றதும் நீ பயமுறுத்திய பாலைவனம் இந்தப் பக்கம் கிடையாது. மகள் இருக்கும் குவாதலஹாரா நகரம் ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில், சாயங்காலமானால் இடியோடு மழை. குடையை மறந்துவிட்டுப் போய் இரண்டு முறை நனைந்தேன். மகளிடம் ஒரு முறை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் சாப்பாடு. அதைத்தானே நீ கேட்பாய்? ‘தோர்த்தா அஓகாதா’ என்று ஒன்று இருக்கிறது. ‘அமிழ்த்திய ரொட்டி’ என்று வைத்துக்கொள். நீள ரொட்டியைப் பிளந்து, வறுத்த பன்றி இறைச்சியை அடைத்து, தக்காளிச் சாற்றில் அமிழ்த்தித் தருகிறார்கள். மிளகாய்ச் சாறு தனி. அதில் பாதி முக்கட்டுமா, முழுக்க முக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். மிளகாய் தின்று வளர்ந்தவன் அல்லவா, முழுக்க என்றேன். இரண்டாவது வாயிலேயே காது அடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எலுமிச்சைத் தட்டைத் தள்ளிவைத்தார். மிளகாய் இந்த மண்ணிலிருந்துதான் போர்ச்சுகீசியர் கப்பலேறி நம்மிடம் வந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறந்த வீட்டில் போய் வீரம் காட்டலாமா?

ஆனால் என் வியப்பு காரத்தில் இல்லை, ரொட்டியில். ‘பிரோத்தே’ என்கிறார்கள். மேல்தோல் கடினம், உள்ளே லேசான புளிப்பு. கால்மணி நேரம் சாற்றில் கிடந்தும் கூழாகவில்லை. வேறு ஊரில் சுட்டால் இந்தப் பதம் வராது, காற்றும் உயரமும் இங்கே மட்டும்தான் கூடிவரும் என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் கதைதான். இருந்தாலும் நம்பத் தோன்றுகிறது.

வெற்றிலைப் பிரியனான உனக்கு இன்னொரு செய்தி. இவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டுத்தான் அரைக்கிறார்கள். சோளத்தில் அடைபட்டுக் கிடக்கும் சத்து அப்போதுதான் உடலில் சேரும். இந்த விவரம் தெரியாமல் சோளத்தை மட்டும் எடுத்துப்போன ஐரோப்பாவில் அதையே தின்று வாழ்ந்த ஏழைகளைப் பெலக்ரா என்ற நோய் வாட்டியது. அந்தச் சோள மாவைப் புளிக்கவைத்து, வெல்லமும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்து ‘தெஹுயினோ’ என்று வண்டியில் வைத்து விற்கிறார்கள். மேலே ஒரு கரண்டி எலுமிச்சை ஐஸ். நம் கூழுக்கு ஐஸ் போடலாம் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை?

தேவாலயம், நாடக அரங்கம், 1958இல் திறந்த பெரிய சந்தை எல்லாம் பார்த்தாயிற்று. படம் அனுப்புகிறேன். கபானாஸ் மாளிகைக்கு மட்டும் மூன்று முறை போய்விட்டேன். ஆதரவற்றோர் இல்லமாகக் கட்டியது. 1980 வரை அங்கே பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். அதன் தேவாலயக் கூரையிலும் சுவர்களிலும் 1930களின் பிற்பகுதியில் ஹோசே கிளமெந்தே ஒரோஸ்கோ வரைந்த ஓவியங்கள். அவருக்கு இடக்கை கிடையாது. இளமையில் வெடிமருந்து விபத்தில் போய்விட்டது. ஒற்றைக் கையால் அத்தனை உயரத்தில்! கீழே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் மல்லாந்து படுத்தால் குவிமாடத்தில் ஒரு மனிதன் எரிந்தபடி மேலே போகிறான். அவன் காலடியிலிருந்து நாம் பார்க்கிறோம். சுற்றிலும் இரும்பாலான ஸ்பானியத் தளபதி, இயந்திரக் குதிரை. பிள்ளைகள் படுத்துறங்கிய இல்லத்தில் இதை வரைய அனுமதித்தவர்களை நினைத்துக்கொண்டேன். காவலர் வந்து எழுப்பும்வரை படுத்திருந்தேன். உண்மையில் கொஞ்சம் தூங்கியும் விட்டேன்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மகள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வட்டச் சந்திப்பு. 1847இல் அமெரிக்கப் படையை எதிர்த்து மாண்ட வீரச் சிறுவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் அது. காணாமல் போனவர்களின் குடும்பத்தார் அதன் மேலெல்லாம் படங்களை ஒட்டி, சந்திப்பின் பெயரையே ‘காணாமல் போனோர் வட்டம்’ என்று மாற்றிவிட்டார்கள். இந்த மாநிலத்தில் அப்படிக் காணாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு தாளிலும் வயது, உயரம், உடம்பில் எங்கே பச்சை குத்தியிருக்கிறது என்ற குறிப்பு. நேற்று மழை விட்டதும் ஓர் அம்மாள் பசை வாளியோடு வந்து, கிழிந்த தாளின் மேல் அதே முகத்தைப் புதிதாக ஒட்டினார். நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். நான் குடையை மடக்காமலே நின்றிருந்தேன்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி புறப்படுகிறேன். முழங்கால் விஷயத்தை உடனே எழுது, மருத்துவரைத் திட்டாமல்.

உன்,
சபாபதி