மரத்துக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் காலைச் சந்தைக்கு எதிரே ஆறு அங்சானா மரங்கள் வரிசையாக நின்றன. போன அக்டோபரில், மாலை மழைக்காற்றில் ஒன்றின் கிளை என் பழைய புரோட்டோன் சாகா கார் மேல் விழுந்தது. நான் முடிவெட்டும் கடையில் இருந்ததால் தலை தப்பியது.

முறிந்த இடத்தைக் கிள்ளிப் பார்த்தேன். ஈரத் தேயிலைத் தூள்போல் உதிர்ந்தது. அடிமரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான். அதை ஆகஸ்டிலேயே பார்த்து உள்ளூராட்சி மன்றத்தில் புகார் கொடுத்திருந்தேன். புகார் எண் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. இழப்பீடு கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் வந்தது: இயற்கைப் பேரிடர், பொறுப்பேற்க இயலாது. காற்று இயற்கைதான். இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்த உளுத்த கிளையுமா இயற்கை? காருக்கு முழுக் காப்புறுதி இருந்தும் பயனில்லை. புயலுக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டுமாம். பொது அமைப்பின் மேல் வழக்குப் போட 36 மாத அவகாசம் உண்டு என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கறிஞர் கட்டணம் கார்க் கூரையின் விலையைத் தாண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. மறுவாரமே மன்றத்தின் குத்தகையாளரின் லோரி வந்தது. ஒரே காலையில் ஆறு மரங்களையும் ஆள் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டார்கள். ஐந்து மரங்களின் வெட்டுமுகம் திடமாக இருந்தது. ரத்தம்போல் சிவப்புச் சாறு வடிந்தது. மொட்டையடித்த இடத்தில் துளிர்க்கும் கிளைகள் பட்டையோரம் ஒட்டித்தான் நிற்கும், அடிமரத்துக்குள் ஊன்றாது. வெட்டுவாய் வழியே அழுகலும் இறங்கும். இன்னும் சில வருடங்களில் வேறு யார் காரோ! இப்போதைக்குக் கீரைக்காரப் பாட்டி குடைக்கு மேல் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நம் வீட்டு வளவு மரமானாலும் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால், உடனடி ஆபத்து போன்ற சில காரணங்கள் தவிர, எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்கிறது 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். நமக்கு அவ்வளவு கண்டிப்பு.

2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. ஆகவே மரத்தை அப்படியே விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பார்க்கச் சொல்கிறேன்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். மரத்தடி மண்ணை விரலால் விலக்கி, வேரில் வெள்ளை நூல் ஓடுகிறதா என்று பார்ப்பார். வெள்ளை வேர் நோய் ஒரு மரத்தில் இருந்தால் வேரோடு வேர் தொட்டு அடுத்த மரத்துக்கும் போய்விடும். அந்த மரத்துக்கு மட்டும் அடையாளம், அந்த மரத்துக்கு மட்டும் வைத்தியம். நிரை நிரையாக மரக் கணக்கு இருக்கும். பின்னாளில் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக, நானே எழுதினேன். துரைமாருக்கு மரத்தின் மேல் பாசம் ஒன்றுமில்லை, பாலின் மேல்தான். ஆனாலும் கணக்கு இருந்தது.

தெரு மரங்களுக்கும் எண் கொடுங்கள். ஏப்ரல் இடிமழைக்கும் அக்டோபர் மழைக்கும் முன்னால், மரம் தெரிந்த ஒருவரை அனுப்பிப் பாருங்கள். எண் இருந்தால் ‘யார் மரம்’ என்ற இழுபறியும் தீரும். இப்போது கூட்டரசுச் சாலையோர மரம் என்றால் ஓர் அலுவலகம், உள்தெரு என்றால் இன்னொன்று, மின்கம்பியைத் தொடும் கிளை என்றால் மூன்றாவது இடம். மூன்று படியும் ஏறி இறங்கியவன் நான்.

தமிழ்ப்பள்ளி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. பள்ளி பஸ் அதன் நிழலில்தான் நிற்கும். அதன் அடியிலும் அதே காளான். போன திங்கட்கிழமை புகார் கொடுத்தேன். எண் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. வருகிறவர் முதலில் ஒரு மரச் சுத்தியலோடு வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்க்கட்டும். ரம்பம் லோரியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பேரா