காப்பிப் பையில் எங்கள் மலையின் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கரில் காப்பி வைத்திருக்கிறேன்; ஊடே மிளகு, ஆரஞ்சு, கொஞ்சம் மலைவாழை. போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெசன்ட் நகரில் ஒரு சின்னக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனாள். மொத்தமே ஐந்து மேசைதான்.

சுவரோரம் கால் கிலோ பைகள் அடுக்கியிருந்தார்கள். எந்தத் தோட்டம், எத்தனை அடி உயரம், என்ன ரகம், எந்தத் தேதியில் வறுத்தது, எல்லாம் பையிலேயே அச்சடித்திருந்தது. சிக்கமகளூர், அரக்கு, ஏற்காடு. ஏற்காட்டுப் பையில் 'எஸ்.795' என்று பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டேன். என் தோட்டத்தில் அப்பா நட்டதும் அதே ரகம்தான்.

அதையே போடச் சொன்னேன். கடையில் இருந்த பெண் கண் முன்னாலேயே அரைத்து, தாள் வடிகட்டியில் 15 கிராம் தூளைப் போட்டு, தராசின் மேல் வைத்தபடியே வெந்நீரை மெல்லச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை, சிக்கரி இல்லை. முதல் வாய் புளித்தது. பிடிக்காது என்றுதான் நினைத்தேன். ஆற ஆற நாரத்தைத் தோல் மாதிரி ஒரு வாசம், அடியில் வெல்லத்தின் இனிப்பு. நாற்பது வருஷமாகக் காப்பி விளைவிக்கிறேன். கொட்டைக்கே இப்படி ஒரு ருசி உண்டு என்பது 61 வயதில்தான் தெரிந்தது. வீட்டில் நாங்கள் குடிப்பதும் கடையில் வாங்கும் சிக்கரித் தூள்தான்.

ஒரு கோப்பை 220 ரூபாய். மகளுக்கு அதிகமாகப் பட்டது, எனக்குப் படவில்லை. ஒரு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் வேண்டும். எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. ஒரே செடிக்கு மூன்று நாலு தடவை போய்ச் சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டும். அன்றைக்கே பல்பர் இயந்திரத்தில் தோலெடுத்து, தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, களத்தில் நாள்கணக்கில் கிளறிக் காயவைக்க வேண்டும்.

"பழனி மலைக் காப்பி இருக்கிறதா?" என்று கேட்டேன். "இதுவரை எங்களுக்கு வந்ததில்லை சார், கிடைத்தால் வாங்குவோம்" என்றார்.

ஊர் திரும்பியும் அந்தப் பதில் மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் பார்ச்மென்ட் (கழுவிக் காயவைத்த, உள்தோல் நீக்காத கொட்டை) மலை இறங்கியதும் பத்து ஊர்க் காப்பியோடு கலந்து பெயரில்லாமல் போய்விடுகிறது. பார்த்துப் பறித்தவனுக்கும், பச்சைக்காயோடு சேர்த்து உருவியவனுக்கும் ஒரே விலை. அப்புறம் யார் பார்த்துப் பறிப்பார்கள்? 2019-இல் குடகு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு என ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கத்து விருப்பாச்சி வாழைக்கு அந்தக் குறியீடு இருக்கும்போது காப்பிக்கு ஏன் கூடாது?

தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்களைப் போன்ற சிறு விவசாயிகளை உட்காரவைத்து, எங்கள் காப்பியை நாங்களே ருசி பார்த்துத் தரம் பிரிக்கச் சொல்லித்தர வேண்டும். சென்னை, கோவைக் கடைக்காரர்கள் ஜனவரியில் ஒருமுறை மலையேறி வரட்டும். பழம் சிவந்திருக்கும் நேரம் அதுதான்.

இந்தப் பறிப்பில் சிவந்த பழம் மட்டும் ஐம்பது கிலோ தனியாக எடுக்கப்போகிறேன். எட்டு கிலோ கொட்டை தேறும். அந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்