கணக்கில் வராது என்று விற்ற வீடியோ, கணக்கில் வந்தது குறித்த புகார்

கருங்கல்
18.11.2024

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: 'ஓடிடி பார்த்தால் டேட்டா குறையாது' என்று சொல்லி விற்ற பிராட்பேண்ட் திட்டம் – மீதிப் பணம் கேட்டு.

ஐயா / அம்மா,

என் பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் இத்துடன் வைத்திருக்கும் பில் நகலில் இருக்கின்றன. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை, பேப்பருக்குள் மடித்து உங்கள் நோட்டீஸ் வந்தது. 50 எம்பிபிஎஸ் வேகம், மாதம் 200 ஜிபி, அது தீர்ந்தால் 2 எம்பிபிஎஸ். அதன் கீழே சிவப்பு எழுத்தில், "5 ஓடிடி ஆப்களில் எவ்வளவு பார்த்தாலும் டேட்டா கணக்கில் வராது." பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டியிருந்த ஃப்ளெக்ஸிலும் இதே வரிதான். எங்கேயாவது நட்சத்திரக் குறி போட்டு நிபந்தனை எழுதியிருக்கிறதா என்று தேடினேன், இல்லை. நான் தையல் தொழில் செய்கிறவள். பொடி எழுத்து என் கண்ணுக்குத் தப்பாது.

அதை நம்பி ஆறு மாதத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து 4,949 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். மோடத்துக்கு முன்பணம் 1,500 தனி. செப்டம்பர் 1 அன்று இணைப்பு வந்தது.

இந்த நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கென்றே அடித்தது போல இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு 74 வயது, முட்டு வலி, வெளியே எங்கும் போவதில்லை. மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் சீரியல். உங்கள் ஐந்து ஆப்களில் ஒன்றில் அவர் பார்க்கிற பழைய சீரியல் முழுவதும் இருக்கிறது. வீட்டுக்காரர் குவைத்தில், வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு, அன்றைக்கு வீடியோ கால். மகன் இன்ஜினியரிங் முதல் வருடம். மாமியாரின் சீரியல் கணக்கில் வராவிட்டால் மற்ற இருவருக்கும் 200 ஜிபி தாராளம் என்று கணக்குப் போட்டேன்.

செப்டம்பர் 19 மத்தியானம், "என்ன மக்களே, இது கறங்கிட்டே கெடக்கு?" என்று மாமியார் கூப்பிட்டார். டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் ஆப்பைத் திறந்து பார்த்தால் 200 ஜிபியும் காலி. மறுநாள் வெள்ளி. குவைத்திலிருந்து கால் வந்தது. வாயைத் திறந்தபடியே வீட்டுக்காரர் முகம் அப்படியே நின்றுவிட்டது, குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. மாதம் முடியும் வரை இதே கதைதான்.

உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர் ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். இன்னொருவர், "விளம்பரமும் முகப்புப் படங்களும் மட்டும்தான் கணக்கில் வரும் மேடம்" என்றார். படத்துக்கும் விளம்பரத்துக்குமா 200 ஜிபி தீர்ந்தது? சரி, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

அக்டோபர் 13 ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு, வீட்டில் எல்லா போனிலும் வைஃபையை அணைத்தேன். டிவி மட்டும். உங்கள் ஆப்பில் அப்போது செலவான கணக்கு 118.6 ஜிபி. மாமியாரின் சீரியலைச் சரியாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். 121.3. ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி. ஹெச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை ஆகும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது, ஆகவே என் அளவில் தப்பில்லை. அப்புறம் அதே டிவி, அதே ஓடிடி ஆப், அந்த வாரம் ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஒரு புதுப்படம், அதுவும் ஒரு மணி நேரம். 121.4தான் காட்டியது. ஜாக்கெட் அளவு குறிக்கிற நோட்டில் ஒரு பக்கத்தில் இதெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அதன் நகலும் உங்கள் ஆப்பின் படங்களும் இணைப்பில்.

ஒரே ஆப்பில் ஒன்று கணக்கில் வருகிறது, ஒன்று வரவில்லை. காரணம் எனக்குப் புரியவில்லை. தென்னை ஓலை விழுந்து வயர் அறுந்தபோது சரி பண்ண வந்த உங்கள் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, நிறைய பேர் பாக்கிறத நம்ம கம்பெனி சர்வர் பெட்டியில எடுத்து வச்சிருவாங்க. அதுல இருந்து வந்தா கணக்குல ஏறாது. பெட்டியில இல்லாதது வெளிய இருந்து வரும், அது ஏறும்" என்றார். எங்கள் மாமியார் பார்க்கிற பழைய சீரியலை இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் பார்க்கிறார் போல! அவர் மூன்று மணி நேரம் பார்த்தால் ஒரு நாளைக்கு 8.1 ஜிபி, முப்பது நாளுக்கு 243. மற்ற யாரும் நெட்டைத் தொடாவிட்டாலும் 200 பத்தாது. (அந்தத் தம்பி யார் என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் தேட வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் எனக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது அவர் ஒருவர்தான்.)

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு அக்டோபர் 28 அன்று உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "டிராய் விதிகளின்படி எந்த ஆப்புக்கும் தனிச் சலுகை தர இயலாது, ஆகவே எல்லா டேட்டாவும் கணக்கில் சேரும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

விதி உண்மைதான். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கொண்டுவந்தது. எந்த ஆப், எந்த இணையதளம் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வைக்கக்கூடாது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை கட்ட வேண்டும். சில இணையதளங்களை மட்டும் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனம் கொண்டுவந்த ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது இதனால்தான். அப்போது என் மகன் ஆரம்பப் பள்ளியில் படித்தான். அந்த விதி எட்டு வருடமாக இருக்கிறது, உங்கள் நோட்டீஸ் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நோட்டீஸ் அடிக்கும்போது ஞாபகம் வராத விதி, நான் பணம் கட்டிப் புகார் கொடுத்த பிறகு ஞாபகம் வந்திருக்கிறது. விற்கக்கூடாததை விற்றுவிட்டு, கொடுக்காததற்கு அதே சட்டத்தைக் காரணம் காட்டுகிறீர்கள்.

நவம்பர் 4இல் வந்த இரண்டாவது மின்னஞ்சல் நேர் எதிர். பெட்டியிலிருந்து வருவது உங்கள் 'சொந்த மூடிய நெட்வொர்க்' என்றும், அதற்கு விதியில் விலக்கு உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விலக்கு, இன்டர்நெட் வழியாக வராமலும் போகாமலும் உள்ளுக்குள்ளேயே ஓடுகிற டேட்டாவுக்கு. தடையை ஏய்ப்பதற்காக அப்படி ஒரு நெட்வொர்க் வைத்தால் அதுவும் செல்லாது என்று அதே விதியில் இருக்கிறது. ஓடிடி நிறுவனத்தின் படத்தை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் பெட்டியில் வைத்தால் அது உங்கள் சொந்தச் சரக்கு ஆகிவிடுமா?

இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் சித்தி மகன், 2015இல் நெட்ஃபிளிக்ஸ் அங்கே வந்தபோது சில நிறுவனங்கள் அதைக் கணக்கில் சேர்க்காமலே கொடுத்தன என்று சொன்னான். நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் மகன் தினமும் பார்க்கிற என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் இணைய வகுப்பு) பாடங்கள் உங்கள் ஐந்தில் இல்லை. மாமியார் கோயிலுக்குப் போக முடியாத ஞாயிறுகளில் பார்க்கிற பங்குக் கோயிலின் (சர்ச்) திருப்பலி நேரலையும் இல்லை. சீரியல் சும்மா ஓடும், பாடத்துக்கு டேட்டா குறையும் என்றால் அந்தச் சலுகை எனக்கு எதற்கு? 200 என்றால் 200, எதைப் பார்த்தாலும் ஒரே கணக்கு என்று சொல்லியிருந்தால் வேறு திட்டம் எடுத்திருப்பேன்.

ஆகவே டிசம்பர் 1 முதல் மீதமுள்ள மூன்று மாதத்துக்கான 2,474 ரூபாயையும் மோடம் முன்பணம் 1,500 ரூபாயையும் திருப்பித் தாருங்கள், இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறேன். ஃப்ளெக்ஸ் நேற்று வரை அங்கேயேதான் இருந்தது, அதையும் இறக்குங்கள். இந்தப் புகாருக்கு எண் கொடுங்கள். இதற்கு முன் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. எண் இருந்தால்தான் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும், அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். அங்கேயும் நடக்கவில்லை என்றால், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொலைத்தொடர்பு விவகாரம் அங்கே செல்லாது என்று சொல்லிப் பார்க்க வேண்டாம். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

மோடம் எடுக்க ஆள் அனுப்பினால் காலை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். மத்தியானம் வேண்டாம், மாமியார் சீரியல் பார்க்கிற நேரம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

இணைப்பு: நோட்டீஸ், பில் நகல், அளவு நோட்டின் பக்கம், உங்கள் ஆப்பின் படங்கள், உங்கள் இரண்டு மின்னஞ்சல்கள்