திங்கட்கிழமை முதல் அரவை

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததிலிருந்து இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். எனக்குச் சீலியாக் நோய், கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனாலே குடல் கெட்டுவிடும். பதினாலு மாதம் கழித்து அதைக் காட்டுகிற ஆண்டிபாடி அளவு நார்மலுக்கு வந்திருக்கிறது. டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டி, "இதையே பிடிச்சுக்குங்க" என்றார், அவ்வளவுதான், நான் வெளியே வந்து பைக் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். எத்தனை நாள் படுத்துக் கிடந்தேன், எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

முதலில் நன்றியை மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அல்சர், கேஸ், ரத்தசோகை என்று ஆறு வருடம் மாத்திரையிலேயே ஓடிய பிறகு, "எதுக்கும் சீலியாக் டெஸ்ட்டும் ஒண்ணு எடுத்துடலாம்" என்று எழுதிக் கொடுத்த டாக்டருக்கு. ஒவ்வொரு மாத்திரையிலும் கோதுமை ஸ்டார்ச் இருக்கிறதா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்கும் மெடிக்கல் ஷாப் தம்பிக்கு. வீட்டிலிருந்த மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் ஒரே நாளில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டாத என் மாமியாருக்கு. பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து முடிவு வரும்வரை என்னோடு தூங்காமல் கிடந்த நண்பர்களுக்கு (இரண்டு பேருக்கும் இல்லை, அது போதும் எனக்கு). அப்புறம் என் மனைவிக்கு. பரோட்டாவை விட்டு மூன்று மாதமாகியும் வயிறு அடங்கவில்லையே என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தது அவள்தான். கூட்டுப் பெருங்காயத்தில் பாதி கோதுமை மாவு சமாச்சாரம் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? தினமும் ரசம் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன், வயிற்றுக்கு நல்லது என்று வேறு.

சரி, மனதில் இருப்பதைச் சொல்கிறேன். சாப்பாட்டை விடுவது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. பரோட்டா கடையைத் தாண்டும்போது கல்லில் சட்டுவம் கொத்துகிற சத்தம் கேட்டால் இன்னும் கழுத்து தானாகத் திரும்பும், அது கிடக்கட்டும். கேட்பதுதான் கஷ்டம். போகிற இடமெல்லாம் "அண்ணே இதில் என்ன போட்டிருக்கீங்க, எந்த எண்ணெய், அதே கரண்டியா" என்று ஒரு ஆம்பளை நின்று கேட்டுக்கொண்டிருப்பது. நாற்பது வயதில் ஊருக்கே தொல்லையாகிப் போனோமே என்ற எண்ணம் ராத்திரியில் வந்து உட்காரும். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன். தவிர்க்க முடியாத இடத்தில் விரதம் என்று பொய் சொன்னேன். சாமிக்கு விரதம் என்றால் ஒருவரும் வற்புறுத்துவதில்லை, "அடடா, அப்ப பழமாவது எடுத்துக்குங்க" என்பார்கள். டாக்டர் சாப்பிடக் கூடாது என்றிருக்கிறார் என்றால்தான் "ஒரு வாயில என்ன ஆயிடும்" என்று இலையில் வைப்பார்கள். நான் பிடிக்காத விரதமே கிடையாது அந்த வருடம்.

இப்போது மில்லு அக்காவுக்கு வருகிறேன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன், "போடாத தம்பி, அப்புறம் எல்லாரும் திங்கக்கிழமையே வந்து நிப்பாங்க" என்றார். ஆகவே மில்லு அக்கா.

ராகியில் குளூட்டன் கிடையாது, நம்ம பாலக்கோட்டுப் பக்கம் அதற்குப் பஞ்சமும் கிடையாது. ஆனால் மில்லில் முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த மாவு மிஷினில் நின்று நம் ராகியோடு வந்துவிடும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டன், அதற்கு மேல் இருந்தால் குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் போடவே கூடாது, ஒரு சிட்டிகைகூடத் தேறாத அளவு அது. அதனால் வீட்டு மிக்ஸியில் அரைத்தோம். களி மணல் மாதிரி நெறநெறவென்று வந்தது, இரண்டாம் மாதம் மிக்ஸி புகைந்தது. வேறு வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன், போய் உள்ளே நுழையாமல் வேப்பமரத்தடியிலேயே நின்றேன், உள்ளே அப்போது கோதுமைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, பையப் புடிச்சிக்கினு அங்கயே நிக்கிற?"

சொன்னேன். மனப்பாடமாக வைத்திருந்த பேச்சு, எந்த இடத்தில் எதிராளி சிரிப்பார் என்றுகூட எனக்குத் தெரியும். அக்கா சிரிக்கவில்லை, அய்யோ பாவம் என்று உச்சுக்கொட்டவும் இல்லை. "தூசியும் ஆவாதா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆகாது என்றேன். மிஷினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சின்ன ரிப்பேர் வேலையை மதிப்புப் போடுகிற மாதிரி. பிறகு சொன்னார்: "சனிக்கிழம ராத்திரி மிஷினப் பிரிச்சுத் தொடச்சுடுவேன். ஞாயித்துக்கிழம லீவு, தூசியெல்லாம் அடங்கிடும். திங்கக்கிழம மொத அரவ உன்னுது. அதுக்கு முன்ன ரெண்டு கிலோ நொய்ய ஓட்டிடறேன், அது எம் மாட்டுக்கு ஆவும்."

இதோடு முடிந்திருந்தாலே போதும். அந்தத் திங்கட்கிழமை போனபோது மிஷின் வாயில் புதுத் துணி கட்டியிருந்தது. மாவு பறக்காமல் விழுவதற்கு ஒரு துணிக்குழாய் தொங்குமே, மில்லுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வருடக்கணக்காக மாவு குடித்து விறைத்துப் போயிருக்கும் அது. எனக்கு அந்தத் துணி ஞாபகத்துக்கே வரவில்லை. நோயைப் பற்றி ராத்திரி ராத்திரியாகப் படித்தவன் நான், ஆனால் தூசி எங்கே போய் உட்காரும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டிலிருந்த பழைய வேட்டியைக் கிழித்துக் கையாலேயே தைத்திருக்கிறார். என் அரவை முடிந்ததும் அதை அவிழ்த்து உதறி, பிளாஸ்டிக் பையில் சுருட்டி, தனியாக ஒரு ஆணியில் மாட்டினார். வாரா வாரம் அந்த ஆணியிலிருந்துதான் எடுக்கிறார், நான் கேட்பதேயில்லை. கூலி எல்லாருக்கும் உள்ளதுதான், கூடக் கொடுத்தால் முறைக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காய்ச்சலில் போகவில்லை. ஒன்பது மணிக்குப் போன். "வர்லன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? கோதுமைக்காரங்க எல்லாம் டீக்கடையில குந்திக்கினு இருக்காங்க!" பதினாலு மாதமாக எல்லாரும் என்னிடம் சன்னமான குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள், முதல் முறையாக ஒருவர் திட்டினார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன்.

மில்லில் அரைக்கலாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் டாக்டரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனையை நடுநடுவே பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

எங்கள் ஆயா மூன்று வேளையும் களி கிண்டியவர். சின்ன வயதில் எனக்கு அது கௌரவக் குறைச்சல், பள்ளிக்கூடத்தில் களி தின்றேன் என்று சொல்ல மாட்டேன். பிற்பாடு ஓசூருக்கு வேலைக்குப் போய், பரோட்டா தின்ன ஆரம்பித்ததைத்தான் முன்னேற்றம் என்று நினைத்தேன். 2023-ல் நீலகிரியிலும் நம்ம தர்மபுரி மாவட்டத்திலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் ரெண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தபோதுகூட, கார்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு முணுமுணுத்தவன் நான். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ரொட்டிக்கே பஞ்சம் வந்தபோது இந்த நோயிருந்த குழந்தைகள் தேறினார்களாம், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்களாம். அங்கே வில்லெம் டிக்கே என்ற குழந்தை டாக்டருக்கு அதற்கு முன்பே கோதுமை மேல் சந்தேகம், அது உறுதியானது. ஊரே பட்டினி கிடக்கிற நேரத்தில் தன் பிள்ளை மட்டும் தேறுவதைப் பார்த்த அம்மாக்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன். போன ஆடியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது, எந்த மில்லு மாவோ என்று பயந்து, சொம்பை வாங்கிப் பிடித்திருந்துவிட்டுப் பின்னால் போய் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். வருகிற ஆடிக்குக் கூழுக்கான ராகி முழுக்க என் செலவு, அரவை மில்லு அக்காவுடையது. பூசாரியிடம் சொல்லியாகிவிட்டது. வரிசையில் நின்று, யாரையும் எதுவும் கேட்காமல் நானும் குடிக்க வேண்டும்.

கடைசியாக, திங்கட்கிழமை காலையில் கோதுமைப் பையோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. அந்தத் தாமதம் என்னால்தான், இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன். ஒருவர்கூட அக்காவிடம் சண்டைக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் டீக்காசை அடுத்த வாரம் நான் கொடுக்கிறேன். எட்டு மணிக்கு மேல் வந்தால் காத்திருக்கவும் வேண்டியதில்லை, அதற்குள் என் மூட்டை வெளியே வந்துவிடும்.